பாட்டிலம்மா கூண்டேறிய நாள்

அவரை நான் முதலில் பார்த்தபோது கையில் ஒரு பாட்டிலோடு ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். நடுப்பகல், நீதிமன்றத்தில், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே. பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, கண்ணைச் சுருக்கி, ஓர் ஆட்டு ஆட்டி, மூடியைச் சுற்றியிருந்த அரக்கு முத்திரையை நகத்தால் தடவிப் பார்த்தார். "முத்திரை உடையலைங்க ஐயா" என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிவிட்டு, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது மாதிரி அதைப் பெட்டிக்குள் வைத்தார்.

அரசு வழக்கறிஞர். உரிமம் இல்லாமல் மது வைத்திருந்தார், அளவுக்கு மேல் வைத்திருந்தார், விற்றார் என்று காவல் நிலையங்களிலிருந்து வரும் வழக்குகள் அத்தனையும் எங்கள் நீதிமன்றத்தில் அவர் தலையில்தான் விழும். அதனால் பாட்டிலம்மா. பெயர் வைத்தது குமாஸ்தாக்களா காவலர்களா என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் வராந்தாவில் யாரோ, "பாட்டிலம்மா வந்தாச்சா?" என்று கேட்க, பின்னாலிருந்து அவர் குரலே பதில் சொன்னது: "வந்தாச்சு. காலி பாட்டிலாத்தான் வந்திருக்கு. இன்னும் டீ ஊத்தலை."

நான் எதிர்த் தரப்பு. அந்தக் கட்டடத்தில் மது வழக்கில் மாட்டுகிறவர்களுக்குப் பெரிய வக்கீலை வைக்க வசதி கிடையாது. சின்ன வக்கீலான என்னிடம் வருவார்கள். ஆகவே வருஷக்கணக்காக நானும் அவரும் தினமும் ஒருவரை ஒருவர் எதிர்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே "மேடம்", "கற்றறிந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர்". வெளியே வந்தால் "அக்கா", "தம்பி". என்னைத் தோற்கடித்த அன்று அவருடைய சாப்பாட்டு டப்பாவில் பாதி எனக்கு வரும். நான் ஜெயித்த அன்று டப்பா பூட்டியே இருக்கும். கேட்டால், "ஜெயிச்சவனுக்கு எதுக்குச் சோறு? பெருமையே வயித்தை நிரப்புமே" என்பார்.

பெரும்பாலும் டப்பா திறந்தே இருந்தது.

அவர் வீட்டுக்காரர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். ஷிஃப்ட் மாறி மாறி வரும். வீட்டில் இருக்கிற நாள் சமையல் அவருடையது. அக்காவிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் உண்டு. அதற்கும் அவருக்கும் இருந்த உறவு, கட்டிக்கொண்டதற்காகச் சேர்ந்து வாழ்கிறவர்கள் உறவு மாதிரி. காலையில் கிளம்பும், சாயங்காலம் கிளம்புமா என்பது அதன் மனசைப் பொறுத்தது.

எனக்கு ஒரு நிரந்தரக் கட்சிக்காரர் இருந்தார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பஞ்சர் கடை வைத்திருந்தவர். எல்லோருக்கும் அவர் பஞ்சர். ஒல்லியான உடம்பு, எண்ணெய் படிந்த விரல்கள், எப்போதும் பாதி சிரிப்பில் நிற்கிற வாய். பஞ்சர் ஒட்டிக் கிடைப்பது போதாமல், மதுக்கடைகள் மூடியிருக்கிற நாள்களில் பழைய டியூப் குவியலுக்கு அடியில் பாட்டில்களைப் பதுக்கி விற்பார். பிடிபடுவார். நீதிமன்றத்துக்கு வருவார். அக்காவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடுவார்.

"வணக்கம்மா."

"வணக்கம். மறுபடியுமா?"

"மறுபடியும்தாம்மா."

மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைப் படித்து முடிக்கும் முன்பே "ஆமாங்க ஐயா, செஞ்சேன்" என்று ஒப்புக்கொண்டுவிடுவார். நான் எழுந்து நிற்பதே தேவையில்லாத வேலை. அக்கா தண்டனை கேட்பார், கிடைக்கும். போகும்போதும் ஒரு கும்பிடு. அவரைப் போல ஒழுங்கான குற்றவாளியைப் பார்த்ததில்லை என்று அக்காவே சொல்வார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் கூண்டில் நின்றுகொண்டு, "இல்லீங்க ஐயா" என்றார்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்ன இல்லை?"

"இந்தத் தடவை நான் இல்லீங்க."

அறையே சிரித்தது. நானும்தான். பிறகு வெளியே கூட்டிப் போய், "அப்ப அன்னிக்கு எங்க இருந்தீங்க? சொன்னாத்தானே நான் வாதாட முடியும்" என்று கேட்டேன்.

"எங்கயோ இருந்தேன். அதை விடுங்க சார்."

"விட்டா உள்ளே போவீங்க."

"போனாப் போறேன். ஆனா செஞ்சேன்னு என் வாயால சொல்லமாட்டேன். செய்யல."

இதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் பெயரவில்லை. வழக்கு விசாரணைக்கு வந்தது.

போலீஸ் தரப்பின் கதை எளிமையானது. பேருந்து நிலையத்தின் பின்பக்கம், சாயங்கால நேரம், ஒருவர் பையோடு நின்றார், காவலர்களைக் கண்டதும் பையைப் போட்டுவிட்டு ஓடினார், பையில் பாட்டில்கள், ஓடியவர் பஞ்சர் என்று ஏட்டையா அடையாளம் கண்டார், மறுநாள் கடையில் வைத்துக் கைது. ஏட்டையா ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், தொப்பைக்கு மேல் பெல்ட்டைப் பிடித்து வைப்பதே ஒரு தனி உத்தியோகமாகக் கொண்டவர். கெட்டவர் இல்லை. அக்கா அவரைக் கேள்வி கேட்டு முடித்து அமர்ந்ததும், நான் குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன். கையில் சரக்கு ஒன்றுமில்லை. சும்மா மழையிலிருந்து ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு மழை பெஞ்சுதா?"

"பெஞ்சுதாவா? பேய் மழை சார். மார்க்கெட் சுத்துச்சுவர் இடிஞ்சு ரோட்டுல விழுந்துச்சே, அதே நாள்தான். அதே நேரம்தான். நாங்க அங்கே காவலுக்குப் போகணும்னு வயர்லெஸ்ல கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க."

"அந்த மழையில ஓடினவரோட முகம் உங்களுக்குத் தெரிஞ்சுது?"

"முகம் எதுக்கு சார்? அந்த இடத்துல பையோட நிக்கறது வேற யாரு? ஓட்டத்தை வெச்சே சொல்லிடுவேன்."

மறுபடி சிரிப்பு. நான் அடுத்த கேள்வியை யோசித்தபடி எதிரே பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. கோப்பின் முதல் பக்கத்தைத் திருப்பி, தேதியின் மேல் விரலை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, என்னையும் மாஜிஸ்திரேட்டையும் விட்டுவிட்டு, கூண்டிலிருந்த பஞ்சரைப் பார்த்தார். பஞ்சர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா எழுந்தார். "ஐயா, வாய்தா வேணும்."

வாய்தா கேட்டு வழக்கைத் தள்ளிப்போடுவது எங்கள் தரப்பின் குலத்தொழில். அரசுத் தரப்பு, அதுவும் சாட்சி நிற்கும்போதே கேட்டு நான் பார்த்ததில்லை. மாஜிஸ்திரேட்டும் பார்த்திருக்கமாட்டார். "காரணம்?" என்றார்.

"இந்த வழக்கை நான் நடத்தலாமான்னு எனக்கே சந்தேகம் வந்திருக்குங்க ஐயா. எழுத்துல தர்றேன்."

அன்று சாயங்காலம் என் அலுவலகத்துக்கு வந்தார். அலுவலகம் என்றால் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கீழேயிருந்து ஏறிவரும் மை வாசனை. மூச்சு வாங்க உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்து முடித்ததும் சொன்னார்.

"தம்பி, உன் கட்சிக்காரர் அந்த நேரத்துல எங்க இருந்தார்னு உனக்குத் தெரியுமா?"

"கேட்டா விடுங்கங்கறார்."

"எனக்குத் தெரியும். என் வண்டியைத் தள்ளிக்கிட்டு இருந்தார்."

அந்தச் சுவர் விழுந்த நாள் அக்காவின் கல்யாண நாள். வீட்டுக்காரர் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வீட்டில் சமைத்து வைத்துக் காத்திருந்தார். சீக்கிரமாகவே புறப்பட்ட அக்காவை மார்க்கெட் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. சுவர் விழுந்து வழி அடைபட, பக்கத்துத் தெருவில் திருப்பினார். முழங்கால் தண்ணீர். ஸ்கூட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு உயிரை விட்டது. போனில் தண்ணீர் இறங்கி அதுவும் போயிற்று. எந்தக் கதவும் திறக்காத அந்தத் தெருவில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு எதிரே வந்தவர் பஞ்சர்.

"அம்மா, நீங்க ஏம்மா இங்கே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வண்டியை வாங்கிக்கொண்டாராம். மூடிக்கிடந்த மெக்கானிக் ஷெட் ஒன்றின் கூரைக்கு அடியில் நிறுத்தி, வண்டியின் வயிற்றைத் திறந்து என்னென்னவோ கழற்றினார். திரும்ப மாட்டினார். உதைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், "எனக்குப் பஞ்சர் மட்டும்தாம்மா தெரியும். இஞ்சின்லாம் தெரிஞ்சிருந்தா நான் ஏம்மா இப்படி இருக்கேன்?" என்றார். அக்கா அந்த நனைந்த கோலத்திலும் சிரித்துவிட்டார். கிடந்த ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து அக்காவை உட்காரவைத்து, தான் நின்றுகொண்டே மழை விடும்வரை இருந்தார். விட்டதும் வீட்டு முனைவரை வண்டியைத் தள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே வந்து காபி குடிக்கக் கூப்பிட்டதற்கு, "வேணாம்மா, பார்த்தவங்க உங்களைத் தப்பாப் பேசுவாங்க" என்றாராம்.

"கோப்புல தேதி இருந்துச்சு தம்பி. எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். எல்லாக் கோப்பும் ஒரே மாதிரி, கண்ணு மேயும், மனசுல ஏறாது. ஏட்டையா சுவர்னு சொன்னப்புறம்தான் தலையில விழுந்துச்சு."

மறுநாள் நான், ஜாமீனில் வெளியே இருந்த பஞ்சரின் கடைக்குப் போய், ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்: "வண்டியைத் தள்ளினதைச் சொல்லிக் காட்டவா சார்? அவங்க பேரை இழுத்தா, வக்கீலம்மாவுக்கு ஒரு சாராயக்காரனோட என்ன சகவாசம்னு கேப்பாங்க. நான் உள்ளே போறது புதுசா? அவங்களுக்குக் கெட்ட பேர்னா அது புதுசு."

அக்கா வழக்கிலிருந்து விலகி, பஞ்சருக்காகச் சாட்சி சொல்வதாக எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே என்ன நடந்தது என்பதை அக்கா வெளியே வந்து எனக்கு நடித்தே காட்டினார். மேலதிகாரி பேனாவை மூடி மூடித் திறக்கிற பழக்கம் உட்பட.

"ஒரு பாட்டில் கேஸும்மா. அவன் அதைச் செய்யலைன்னா இன்னொண்ணைச் செஞ்சிருப்பான். இதுக்காகப் போய் நீங்க கூண்டு ஏறணுமா? போலீஸ் நாளைக்கு உங்ககூட ஒத்துழைப்பாங்களா?"

"இன்னொண்ணைச் செஞ்சிருந்தா இன்னொரு கோப்பு கொண்டுவரட்டும் சார், நடத்தறேன். இந்தக் கோப்பு பொய்யின்னு தெரிஞ்சும் எப்படி நடத்தறது?"

அக்கா வீட்டில் அவர் கணவரிடம் நானே பேச்சைத் தொடங்கினேன், கொஞ்சம் பயத்தோடு. "அண்ணே, அக்காவோட வேலைக்கு இதனால..." அவர் கரண்டியோடு திரும்பினார். "தம்பி, அன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து நின்னு சமைச்சேன். எல்லாம் ஆறிப்போயி, நான் பதறிப்போயி, இவ சேறும் சகதியுமா வந்து நின்னா. யார் கொண்டுவந்து விட்டாங்கன்னு கேட்டேன். நான் உள்ளே அனுப்பின ஆள்தான்னு சொன்னா. அந்த ஆளுக்கு நான் ஒரு வாய்ச் சோறு போடலையேன்னு இன்னும் இருக்கு. கூண்டு ஏறட்டும். தேவைப்பட்டா நானும் ஏறறேன்."

சாட்சி சொல்லும் நாள் வந்தது. செய்தி பரவி, வேறு நீதிமன்றங்களின் வக்கீல்களும் வந்து சுவரோரம் நின்றார்கள். ஜாமீனைப் புதுப்பிக்கும் கையெழுத்துக்காக நான் வரச்சொல்லியிருந்த பஞ்சரின் மகளும் கடைசி வரிசையில் இருந்தாள். பேக்கரியில் வேலை பார்க்கும் பெண். அப்பாவின் வழக்குகளால் வெட்கப்பட்டுத் தனியாகப் போய்விட்டவள். கையெழுத்து மட்டும் போடுவேன், பேச்சு வேண்டாம் என்று சொல்லித்தான் வந்தாள்.

அக்கா கறுப்பு அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுச் சாட்சிக் கூண்டுக்கு நடந்தார். அங்கி இல்லாமல் அவர் சின்னதாகத் தெரிந்தார். உண்மையைத் தவிர வேறு சொல்லமாட்டேன் என்று உறுதி எடுக்கும்போது குரல் லேசாக நடுங்கியது. எத்தனை பேரை அந்தக் கூண்டில் உலுக்கியிருப்பார்! நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன், நடந்ததைச் சொன்னார். அவருக்கு எதிராகப் பேசியே பழகியவனுக்கு அவரைத் தாங்கிப் பேசுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று தெரியாது.

அவருக்குப் பதிலாக வந்திருந்த அரசு வழக்கறிஞர் எழுந்தார். அக்காவிடமே தொழில் பழகியவர். அன்று அவருக்கு வேறு வழியில்லை, கேட்டுத்தான் ஆகவேண்டும். நன்றாகவே கேட்டார்.

"குற்றம் சாட்டப்பட்டவர் மது விற்கிறவர்னு உங்களுக்குத் தெரியும் இல்லையா?"

"தெரியும். அதுக்காக அவரை உள்ளே அனுப்பினதே நான்தான்."

"அப்படிப்பட்டவரோட அத்தனை நேரம் தனியா நின்னு என்ன பேசினீங்க?"

"முதல்ல என் வண்டியைத் திட்டினோம். அப்புறம் அவர் மகளைப் பத்திப் பேசினார்."

கடைசி வரிசையில் அசைவு. நான் திரும்பவில்லை.

"மகளைப் பத்தி என்ன?"

"பொண்ணைப் பார்க்கலாம்னு அந்த மழையில அவ வீட்டு வாசல் வரைக்கும் போயிருக்கார். கதவைத் தட்டினா முகம் சுளிப்பாளோன்னு பயந்து, தட்டாம திரும்பி வந்துக்கிட்டு இருந்தார். அப்பதான் என்னைப் பார்த்தார். பேக்கரியில அவ கேக் மேல பூ போடுவாளாம். கண்ணாடி வழியா தெருவில நின்னு பார்ப்பேன்னு சொன்னார்."

இளைய வழக்கறிஞர் ஒரு கணம் தடுமாறி, கடைசிக் கேள்விக்குத் தாவினார். "உங்களுக்கு உதவினவர்ங்கற நன்றியிலதானே இப்ப அவருக்காகப் பேசறீங்க? நாளைக்கே அவர் மேல வழக்கு வந்தா நடத்துவீங்களா?"

"நடத்துவேன். தண்டனையும் கேப்பேன்."

"ஆமாங்க ஐயா, கேப்பாங்க" என்றார் பஞ்சர் எதிர்க் கூண்டிலிருந்து, யாரும் கேட்காமலேயே. மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்ட வேண்டியிருந்தது. தட்டும்போது அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

விடுதலை. தீர்ப்பில் ஏட்டையாவுக்கும் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது; ஓட்டத்தைப் பார்த்து ஆளைச் சொல்வது அடையாளம் ஆகாது என்று. ஏட்டையா வராந்தாவில் அக்காவிடம் வந்து, "மேடம், சத்தியமா அவர்னுதான் நினைச்சேன்" என்றார். அக்கா, "நினைச்சதை நினைச்சேன்னு எழுதுங்க. பார்த்தேன்னு எழுதாதீங்க" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

படிக்கட்டில் பஞ்சர் நின்றுகொண்டிருந்தார். மகள் அவரைத் தாண்டி இரண்டு படி இறங்கிப் போய்விட்டாள். பிறகு நின்றாள். திரும்பாமலேயே கேட்டாள்:

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"வா."

அவ்வளவுதான். முன்னால் அவள், பின்னால் அவர், நடுவில் நாலு ஆள் நிற்கிற இடைவெளி. அப்படியே தெருவில் நடந்து போனார்கள். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, தூசி விழுந்ததாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஜன்னலில் கண்ணாடி இருந்தது. தூசி வர வழியில்லை.

இதோடு நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சில மாதம் கழித்து பஞ்சர் மறுபடி பிடிபட்டார். உண்மையாகவே. டியூப் குவியலுக்கு அடியில், வழக்கமான இடத்தில். வந்ததும் ஒப்புக்கொண்டார். நான் எழுந்து, பொய் வழக்கில் ஏற்கெனவே அலைக்கழிந்தவர், மகளோடு இப்போதுதான் பேச்சு வந்திருக்கிறது, அபராதத்தோடு விடுங்கள் என்று உருகினேன். அக்கா எழுந்து, "அந்த வழக்கு வேற, இந்த வழக்கு வேற" என்று ஒரே வரியில் என் உருக்கத்தை உறைய வைத்தார். தண்டனை கேட்டார். குரல் கொஞ்சம் தழைந்திருந்தது, கேட்டது குறையவில்லை. குறுகிய காலச் சிறை.

எனக்கு ஆத்திரம். மத்தியானம் வராந்தாவில் அவரிடம் பேசாமல் மேஜையில் குனிந்திருந்தேன். டப்பா வந்து என் முன்னால் உட்கார்ந்தது, மூடி திறந்திருந்தது.

"கோவமா தம்பி?"

"ஆமா."

"சாப்பிட்டுட்டுக் கோவப்படு. வெறும் வயித்துல கோவப்பட்டா புளிச்ச ஏப்பம் வரும்."

அப்போது பஞ்சரின் மகள் வந்தாள். முகம் சிவந்திருந்தது. அக்காவிடம் சண்டைக்குத்தான் வந்தாள் என்று நினைத்தேன். அவள் நேராக, "சிறையில பார்க்கணும்னா எப்பப் போகணும்? என்ன கொண்டு போகலாம்?" என்று கேட்டாள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். எந்தக் கிழமை, எந்த வாசல், எந்த அடையாள அட்டை, எதை உள்ளே விடுவார்கள், எதை விடமாட்டார்கள் என்று பொறுமையாகச் சொன்னார்.

"கேக் விடுவாங்களா?"

"வெட்டிப் பார்த்துட்டு விடுவாங்க. உள்ளே பாட்டில் இருக்கான்னு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போகும்போது, "அடுத்த தடவை பிடிபட்டா நானே அவரைக் கொண்டுவந்து உங்ககிட்ட விடறேன்" என்றாள்.

அந்த அடுத்த தடவை இதுவரை வரவில்லை. விடுதலையானதும் கடைச் சாவியை மகள் வாங்கி வைத்துக்கொண்டாள்; காலையில் அவள் திறந்துவிட்டு வேலைக்குப் போவாள், சாயங்காலம் வந்து டியூப் குவியலைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பூட்டுவாள். என் வண்டிக்குக் காற்று அடிக்கும்போது பஞ்சர் முணுமுணுப்பார்: "போலீஸே தேவலாம் சார்." சொல்லும்போது முகம் மலர்ந்திருக்கும்.

மேலதிகாரி பயந்ததுபோல் காவல் நிலையம் அக்காவோடு முறைத்துக்கொண்டது உண்மைதான். கொஞ்ச நாள் கோப்புகள் தாமதமாக வந்தன. வந்தவற்றில் ஆனால் 'பார்த்தேன்' குறைந்து 'தெரியவந்தது' கூடியிருந்தது. அக்கா ஒவ்வொன்றையும் எடுத்துத் தேதியை வாய்விட்டுப் படிக்கிற பழக்கத்துக்கு மாறினார். படித்துவிட்டு, அன்று தான் எங்கே இருந்தோம் என்று ஒரு நொடி யோசிப்பார். பிறகுதான் பக்கத்தைத் திருப்புவார்.

போன வாரம்கூட ஒரு வழக்கில் எதிரெதிரே நின்றோம். நான் ஜெயித்தேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு கிடைக்கவில்லை.